மண்டபம் கரையில் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குகிறது. மீன் விற்கலாமா, சாப்பிடலாமா?

மண்டபம் கயல்:

இந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சையாகக் கிடக்கிறது. கரையோரத் தண்ணீர் கனத்து, கொழகொழவென்று இருக்கிறது, வாடை குடலைப் புரட்டுகிறது. ஓரா, நகரை, விலாங்கு, குட்டிக் கலவா எல்லாம் செத்து ஒதுங்கியிருக்கின்றன, நண்டுகூடக் கரையேறி வந்து செத்துக் கிடக்கிறது. எங்கள் ஊரில் இதைப் பூங்கோரை என்பார்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) ஓய்கிற நேரத்தில் இது வருவது புதுசு இல்லை, ஆனால் இவ்வளவு மீன் சாவது தன் சின்ன வயதில் கிடையாது என்று மாமனார் சொல்கிறார்.

நான் ஏலத்தில் மீன் எடுத்து ராமநாதபுரம் கொண்டுபோய் விற்கிறவள். கடலில் விஷம் கலந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, அது வந்ததிலிருந்து வெளிக்கடலில் பிடித்த சீலாவைக்கூட ஆள் தொடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உண்மையிலேயே விஷமா? எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது? இது வருஷா வருஷம் பரவிக்கொண்டே போகிறதா? ஏதாவது மருந்து அடித்து இதை அழிக்க முடியாதா? பயமுறுத்துகிற பதிலும் வேண்டாம், சும்மா சமாதானமும் வேண்டாம். வாங்குகிறவர்களிடம் நான் என்ன சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

---

முத்துநகர் கடலியல்:

அக்கா, நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் இது நாக்டிலூகா சின்டிலன்ஸ், அதில் பச்சை வகை. ஒரே செல் கொண்ட உயிரிதான், ஆனால் பெரிய செல், வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு கண்ணாடி பாட்டிலில் கடல்தண்ணீரை மொண்டு நிழலில் அசையாமல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊறிய பொடி ஜவ்வரிசி மாதிரி மேலே வந்து பச்சைப் படலமாகச் சேர்ந்தால் அதுவேதான். உடம்புக்குள் அமோனியா கலந்த நீரை வைத்திருப்பதால் மிதக்கிறது. அந்தப் பச்சைகூட அதனுடையது இல்லை, அதன் செல்லுக்குள் குடியிருக்கிற இன்னும் நுண்ணிய பாசிகளுடையது. அந்தப் பாசி தயாரிக்கிற உணவையும் எடுத்துக்கொள்ளும், வெளியே கிடைக்கிற மற்ற நுண்பாசிகளையும் விழுங்கும். இரண்டு வழியிலும் சாப்பாடு கிடைப்பதால்தான் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது. 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலை நீலமாக ஒளிர்கிறது என்று ஊரே திரண்டு போய்ப் பார்த்ததே, அதுவும் இந்த இனம்தான்.

விஷமா என்றால், மனிதரைத் தாக்கும் நஞ்சு எதையும் இது தயாரிப்பதாக அறியப்படவில்லை. மீன் சாவதற்குக் காரணம் வேறு. கோடிக்கணக்கில் பெருகி, பிறகு மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். அதோடு அதன் உடம்பிலிருந்து அமோனியாவும் வெளியேறும், மீனின் செவுளை அது தாக்கும். அதிகமாக மாட்டிக்கொள்வது பாறையிடுக்கிலும் தரையிலும் வாழ்கிற மீன்கள்தான், ஓராவும் விலாங்கும் நண்டும் சாவது அதனால்தான். வேகமாக நீந்தி வெளியே போகிற சீலாவும் பாறை மீனும் பெரும்பாலும் தப்பிவிடும்.

2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே மாதிரி வந்து மீன்கள் ஒதுங்கின. 2019 செப்டம்பர், அக்டோபரில் வந்தது இன்னும் மோசம். மண்டபத்துக்குப் பக்கத்துத் தீவுகளில் பவளப்பாறைக்கு மேலே உள்ள தண்ணீரில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. சாதாரணமாக இதுபோல இரண்டு மூன்று மடங்கு இருக்கவேண்டும். கிளை கிளையாக வேகமாக வளர்கிற அக்ரோபோரா வகைப் பவளங்கள் கூட்டமாகச் செத்தன. மீன் போனால் ஒரு சீசனில் திரும்பி வரும் அக்கா, செத்த பவளம் திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த ஓராவுக்கும் கலவாவுக்கும் வீடே அதுதானே.

சாப்பாட்டு விஷயம்: கரையில் ஒதுங்கினது, கடலில் மிதக்கிறது, அரை உயிரோடு தத்தளிக்கிறது, எதையும் எடுக்க வேண்டாம். அது எப்போது செத்தது, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, அழுகின மீனே போதும் ஆளைப் படுக்கவைக்க. பச்சைத் தண்ணீருக்கு வெளியே உயிரோடு பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்த மீனைத் தாராளமாக விற்கலாம், சாப்பிடலாம். கருவாட்டுக்கு என்று ஒதுங்கின மீனைப் பொறுக்குகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள்.

---

பாம்பன் அந்தோணி:

தங்கச்சி, உங்க மாமனார் சொல்வது சரி. பூங்கோரை எங்கள் தாத்தா காலத்திலேயே உண்டு. தண்ணீர் நிறம் மாறினால் வலையை அந்தப் பக்கம் போடமாட்டார்கள், நூலெல்லாம் பிசுக்கு ஏறி மீன் வலையைக் கண்டு ஒதுங்கிவிடும். கச்சான் வேகம் குறைந்து, வாடைக்காற்று இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில் நீரோட்டம் செத்துப்போய்க் கிடக்கும், அப்போதுதான் இது கரையோரம் தேங்கும். ஒரு நல்ல காற்றோ மழையோ வந்து கலக்கிவிட்டால் கலைந்துவிடும். வசதி உள்ளவன் வள்ளத்தை வடகடல் (பாக் நீரிணை) பக்கம் மாற்றிக்கொள்வான், மாற்ற முடியாதவன் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் இப்போது வருவது அந்தப் பழைய பூங்கோரை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாசி அதேதான், அதற்கு நாம் போடுகிற தீனி கூடிவிட்டது. கரையோரம் எத்தனை லாட்ஜு, எத்தனை இறால் பண்ணை, எத்தனை வீட்டுக் கழிவுநீர் நேராகக் கடலுக்கு இறங்குகிறது என்று படகிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். தடைக்காலத்துக்கு நிவாரணம் வருகிறது, புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காமல் நிறுத்துகிறார்கள். பூங்கோரை வந்து தொழில் படுத்தால் எங்கள் கரையில் யாருக்கும் ஒரு ரூபாய் வந்து நான் பார்க்கவில்லை. இதையும் இயற்கைப் பேரிடராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தில் பேசுகிறோம், வெளியில் இருக்கிறவர்களும் பேசினால்தான் காதில் விழும்.

---

குளச்சல்காரன்:

நாக்டிலூகாவில் நஞ்சு இல்லை என்று முத்துநகர் தம்பி சொன்னது சரி, ஆனால் அதைக் கேட்டுவிட்டு “பாசி என்றால் பயமில்லை” என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, 1997 செப்டம்பரில், விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு முன்னால் 1981இல் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்து, 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவமும் பதிவாகியிருக்கிறது. இரண்டுமே பாசி நஞ்சு.

அந்த நஞ்சுக்குச் சாக்ஸிடாக்ஸின் என்று பெயர். ஒருசில நுண்பாசிகள் அதைத் தயாரிக்கும். சிப்பியும் மட்டியும் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்கிறவை, அதனால் அந்த நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ருசியிலோ வாடையிலோ வித்தியாசமே தெரியாது. கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் போகாது, இதைத் தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் “நன்றாக வேகவைத்தால் எதுவும் செய்யாது” என்று நம் வீடுகளில் எல்லோரும் நம்புகிறோம். சாப்பிட்ட அரைமணி, ஒருமணி நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், அப்புறம் விரல், கை கால், கடைசியில் மூச்சுத் தசைகள். முறிமருந்து கிடையாது. மூச்சுக்குக் கருவி வைத்துக் காப்பாற்றிவிட்டால் நஞ்சு உடம்பிலிருந்து தானாக வெளியேறிவிடும், ஆள் பிழைத்துவிடுவார். அதனால் உதடு மரத்தது என்று யாராவது சொன்னால் சோடா கொடுத்து உட்காரவைக்காமல், வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் நிறம் மாறாமலேயே இந்த ஆபத்து வரலாம். நஞ்சுள்ள பாசி லிட்டருக்குச் சில ஆயிரம் செல் இருந்தாலே சிப்பியில் ஏறிவிடும், அந்த அளவுக்குக் கடல் தெளிவாகத்தான் தெரியும். ஏற்றுமதிக்குப் போகிற சிப்பிக்குக் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்று உலகம் முழுக்க ஒரு வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். நம் வீட்டுக்காரர்கள் கழிமுகத்தில் குனிந்து பொறுக்கிக் கூடையில் கொண்டுவருகிற மட்டியை யார் சோதிக்கிறார்கள்? கயல் அக்கா, மீன் பற்றி உங்களிடம் கேட்கிறவர்கள் மட்டி பற்றிக் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் கவலை.

---

அடிலெய்டிலிருந்து செந்தில்:

நான் இருக்கிற தெற்கு ஆஸ்திரேலியாவில் 2025 மார்ச்சில் ஆரம்பித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இது பரவினால் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அது உபயோகப்படும். வெயிட்பிங்கா, பார்சன்ஸ் கடற்கரைகளில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கடலில் மஞ்சள் நுரை இருக்கிறது, இருமல் வருகிறது, தொண்டை எரிகிறது, கண் மங்குகிறது என்று சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் கரேனியா என்கிற பாசி. முதலில் கரேனியா மிகிமோட்டோய் என்றார்கள், பிறகு கரேனியா கிறிஸ்டாட்டா என்கிற வேறொரு இனம்தான் அதில் முக்கியமானது என்று தெரியவந்தது. 2024 செப்டம்பரிலிருந்தே இங்கே கடல்நீர் வழக்கத்தைவிட 2.5 டிகிரி வரை சூடாக இருந்தது, காற்றும் அலையும் குறைவு. அதற்கு முன்னால் 2022, 2023இல் மர்ரே ஆற்று வெள்ளம் வயல்களின் உரத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

சில வாரத்தில் போய்விடும் என்று எல்லோரும் நினைத்தோம். மாதக்கணக்கில் நின்றது. செயின்ட் வின்சென்ட் வளைகுடாவுக்குள் புகுந்து அடிலெய்டு நகரக் கடற்கரைகள் வரைக்கும் வந்துவிட்டது. 500க்கும் மேற்பட்ட வகை உயிரினங்கள் செத்து ஒதுங்கினதாகப் பதிவாகியிருக்கிறது, சுறா, திருக்கை, கணவாய், இலைக் கடல்நாகம் என்று. சிப்பியில் பிரெவிடாக்ஸின் என்கிற பாசி நஞ்சைக் கண்டுபிடித்ததும் பண்ணைகளில் அறுவடையை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் மணலில் செத்த திருக்கைகள் வயிறு மேலே தெரியக் கிடந்தன, என் சின்ன மகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று “இது எழுந்திருக்குமா அப்பா” என்று கேட்டாள், அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சநாள் அந்தப் பக்கம் போகவில்லை.

பாம்பன் அண்ணன் பேரிடர் என்று சொன்னாரே, இங்கேயும் அதே சண்டைதான். மத்திய அரசு இதை இயற்கைப் பேரிடர் என்று அறிவிக்க மறுத்துவிட்டது, ஜூலையில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2.8 கோடி டாலர் ஒதுக்கின. வெள்ளம், தீ என்றால் உடனே சட்டத்தில் இடம் இருக்கிறது, கடலுக்குள் நடந்தால் இடம் இல்லை. இவ்வளவு பணக்கார நாட்டிலேயே இந்த நிலைமை.

---

மண்டபம் கயல்:

எல்லோருக்கும் நன்றி. குளச்சல் அண்ணன் சொன்னதைப் படித்ததும் வீட்டில் மட்டி எடுக்கப் போகிற அத்தையிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். ஒரு கேள்வி மிச்சம். பரவுகிறது, பரவுகிறது என்று எல்லா டிவியிலும் சொல்கிறார்கள். உண்மையில் கூடியிருக்கிறதா, இல்லை இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் கூடின மாதிரி தெரிகிறதா? மருந்து அடிக்கிறது பற்றியும் யாரும் சொல்லவில்லை.

---

நீரளவை:

நல்ல கேள்வி, இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இரண்டு விதமான பதில் இருக்கிறது. 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு 1985 முதல் 2018 வரை உலகம் முழுக்கப் பதிவான 9,503 சம்பவங்களை எடுத்து அலசியது. உலகம் முழுக்க ஒரே சீராகக் கூடுகிறது என்று சொல்லமுடியாது, சில கடல்களில் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது, கண்காணிப்பும் மீன் பண்ணைகளும் பெருகினதால் பதிவுகளும் பெருகியிருக்கின்றன என்பது அதன் முடிவு. 2023இல் நேச்சர் இதழில் வந்த இன்னொரு ஆய்வு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தது. 2003க்கும் 2020க்கும் இடையில் கடலோரப் பாசிப்பெருக்கின் பரப்பு 13.2 சதவீதம், அது வருகிற தடவை 59.2 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. முதல் ஆய்வு எண்ணியது தீங்கு செய்ததாகப் பதிவான சம்பவங்களை, இரண்டாவது எண்ணியது வானத்திலிருந்து தெரிகிற எல்லாப் பாசியையும், நஞ்சு இருக்கோ இல்லையோ. அதனால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. “உலகமெங்கும் விஷப்பாசி பரவுகிறது” என்று ஒரே வரியில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், “அது எப்பவும் வருவதுதான்” என்று தள்ளிவிடுகிறவர்களையும் நம்ப வேண்டாம். உங்கள் கடலில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும், மன்னார் வளைகுடாவில் இப்போது அடிக்கடி வருகிறது என்பது கண்கூடு. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) 2021இல் பாசிப்பெருக்குத் தகவல் சேவை ஒன்றைத் தொடங்கியபோது நம் நாட்டில் அதிகம் பாதிக்கப்படுகிற நான்கு இடங்களில் ஒன்றாக மன்னார் வளைகுடாவையும் சேர்த்ததே அதனால்தான். செயற்கைக்கோளிலிருந்து எடுக்கிற அந்தத் தகவல் இணையத்தில் இலவசம், ஆனால் உங்கள் ஏலக்கூடம் வரைக்கும் தமிழில் வந்து சேரவேண்டாமா?

மருந்து பற்றி. 1957இல் புளோரிடாவில் விமானத்திலிருந்து செப்பு சல்பேட் தூவிப் பார்த்தார்கள். பாசி செத்தது, இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தது, செலவோ பயங்கரம், செம்பு மற்ற உயிர்களுக்கும் நஞ்சு. தென்கொரியாவில் 1996லிருந்து மீன்கூண்டுகளைச் சுற்றி மஞ்சள் களிமண் தூவுகிறார்கள், பாசி களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்விடும். ஒரு கூண்டைக் காப்பாற்ற அது சரி. பவளப்பாறைக்கு மேலே களிமண் கொட்டினால் பாசியோடு பவளமும் மூச்சுமுட்டிச் சாகும், அதனால் மன்னார் வளைகுடாவில் அதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

பலன் தந்தது தீனியைக் குறைத்ததுதான். ஜப்பானில் செட்டோ உள்கடல் என்று ஒன்று, அதில் 1972இல் ஒரே பாசிப்பெருக்கில் பண்ணைகளில் இருந்த 1.4 கோடி மஞ்சள்வால் மீன்கள் செத்தன. 1973இல் அதற்கென்றே சட்டம் வந்தது, தொழிற்சாலைக் கழிவைப் பாதியாக்கச் சொன்னார்கள், பிறகு பாஸ்பரஸ், நைட்ரஜன் என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். 1976இல் ஒரே வருஷத்தில் 299 தடவை வந்த செந்நீர்ப் பெருக்கு (கடலைச் சிவப்பாக்கும் பாசிப்பெருக்கு) அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கியது. இப்போது அங்கே சத்து குறைந்துபோய், சாப்பாட்டுக்கு வளர்க்கிற நோரிப் பாசி வெளுக்கிறது என்று வேறு பிரச்சினை வந்து, 2021இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அதாவது எவ்வளவு குறைப்பது என்பதையும் அளந்து செய்யவேண்டும். பாம்பன் அண்ணன் சொன்ன லாட்ஜுக் கழிவும் இறால் பண்ணைத் தண்ணீரும் சுத்திகரித்து விடப்பட்டால் பூங்கோரை அடியோடு நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன், கச்சான் ஓய்கிற நேரத்தில் அது வரத்தான் செய்யும். ஆனால் வந்த பெருக்கு ரெண்டு நாளில் கலைகிறதா, பவளத்தைக் கொன்றுவிட்டுப் போகிறதா என்பதில் நம் கழிவுக்குப் பங்கு உண்டு.

---

முத்துநகர் கடலியல்:

கயல் அக்கா, வாங்குகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்களே. இப்படிச் சொல்லுங்கள்: “இது வெளிக்கடலில் உயிரோடு பிடிச்ச மீன், செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கு. ஒதுங்கின மீன் நான் விக்கிறதில்ல. சோதிக்காத மட்டி, சிப்பி நீங்க யார்கிட்டயும் வாங்காதீங்க.” எந்தப் படகு, எந்தப் பக்கம் போய்ப் பிடித்தது என்று கேட்டு வைத்துக்கொண்டு அதையும் சொன்னால் நம்பிக்கை வரும்.

அந்த பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். மண்டபத்திலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், வைத்திருந்தால் செல்லெல்லாம் உடைந்துவிடும். எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்னென்ன மீன் ஒதுங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தால் ரொம்ப நல்லது. மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய வருஷங்களில் எப்போது வந்தது, எவ்வளவு நாள் நின்றது என்று அவர் சொல்வதற்கு எந்தக் கருவியிலும் பதிவு கிடையாது.

---

மண்டபம் கயல்:

காலையில் போகிறோம். மாமனார் இப்போதே வருஷம் வருஷமாக யோசித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், என் மகன் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். அங்கே என்ன சொன்னார்கள் என்று வந்து போடுகிறேன்.